மல்லியின் விடியற்காலை 4.10

ஆடிப்பெருக்குக்கு முந்தைய இரவு, 10.45 மணிக்குக் கூண்டுக்குள் போன எங்கள் நாய்க்குட்டி மல்லி, மறுநாள் காலை 5.30 மணிக்கு நான் கதவைத் திறக்கும் வரை ஒருமுறைகூட முனகவில்லை. அவள் வீட்டுக்கு வந்த ஐம்பதாவது இரவு அது. வயது சரியாகப் பதினைந்து வாரம். 4.30 மணிக்கு எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியபோது, எல்லாம் கெட்டது என்று நான்தான் எழுந்து உட்கார்ந்தேனே தவிர, அவள் ஒரு காதைக்கூட அசைக்கவில்லை. அந்த மகிழ்ச்சியில்தான், இரண்டு வாரம் என்னை அலைக்கழித்த ஒரு தகரத் தட்டின் கதையை எழுதுகிறேன்.

மேட்டூரில் ஜூன் 12 அன்று திறந்த தண்ணீர் அரசலாற்றை எட்டிப் பார்க்கும் முன்பே, ஜூன் 14 அன்று, எட்டு வாரக் குட்டியாக அவளைக் கும்பகோணத்துக்குக் கொண்டுவந்தோம். இராசபாளையம் வகைப் பெண்குட்டி. இந்த வகையில் பிறவிச் செவிடு உண்டு என்பதால், வாங்கும்போதே அவள் முதுகுக்குப் பின்னால் கரண்டியால் தட்டைத் தட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன். காது நன்றாகவே கேட்கிறது. கூண்டு 42 அங்குலக் கம்பிக் கூண்டு, அடியில் கழற்றி மாட்டும் தகரத் தட்டு. நடுத்தடுப்பைப் போட்டு, அவள் படுத்துத் திரும்பும் அளவுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். பகலில் கூண்டுக்குள் போய்ப் படுக்க அவள் ஒரே வாரத்தில் பழகிவிட்டாள், ஆகவே அந்தக் கதையை விட்டுவிடுகிறேன். விரிப்புக்கு முதலில் கோரைப்பாய்த் துண்டு போட்டேன். இரண்டே நாளில் அதை நார் நாராகக் கிழித்து விழுங்கத் தொடங்கியதால், இப்போது பழைய பருத்திப் புடவையின் நான்கு மடிப்புதான்.

இரவுக்கு நான் கடைப்பிடித்த முறை ஒன்றே ஒன்று: அவள் அழுது கதவைத் திறக்க வைக்கக் கூடாது, அழுவதற்கு முன்பே நான் திறந்துவிட வேண்டும். முதல் வாரம் 12.45க்கும் 2.45க்கும் அலாரம். விளக்குப் போடாமல், ஒரு வார்த்தையும் பேசாமல், அவளைத் தூக்கிக்கொண்டு கொல்லையில் அதே கிணற்றடிக்குப் போய், நான்கு நிமிடம் நின்று, திரும்பக் கூண்டில் விடுவது. தடுப்பூசித் தொடர் முடியாததால் தெருப்பக்கம் போகவே இல்லை. குட்டிகளைக் கொல்லும் வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ நோய்க்கிருமி மண்ணில் நெடுநாள் உயிரோடு கிடக்கும். மூன்று இரவுக்கு ஒருமுறை அலாரத்தைக் கால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போனேன். "நாயை எழுப்ப அலாரம் வைக்கிற ஆளு இந்த ஊர்லேயே நீ ஒருத்தன்தாண்டா" என்று அம்மா சொன்னதையும் பொருட்படுத்தவில்லை. ஜூலை முதல் வாரத்துக்குள் இரவுக்கு ஒரே ஒரு தடவை, 2.30 மணிக்கு, என்ற நிலைக்கு வந்துவிட்டோம். இரவு உணவை ஏழு மணிக்கே முடித்துவிடுவேன். தண்ணீரை மட்டும் முற்றாக நிறுத்தவில்லை. மூச்சிரைத்துத்தான் நாய் உடற்சூட்டைத் தணிக்கிறது, நம் பக்கத்துப் புழுக்கத்தில் அதுவே அதற்குப் பெரும்பாடு. அதே காரணத்தால் கூண்டின் மீது போர்வைக்குப் பதிலாகப் பழைய நாலு முழ வேட்டியை மூன்று பக்கம் மட்டும் தொங்கவிட்டிருக்கிறேன்.

ஜூலை 8 முதல் தொல்லை தொடங்கியது. 2.30க்கு வெளியே போய்வந்து நிம்மதியாகப் படுத்தவள், 4.10க்குத் திடுக்கென்று எழுந்து கத்தினாள். சிறுநீர் முட்டுகிறது போலும் என்று தூக்கிக்கொண்டு ஓடினேன், கொஞ்சம் பெய்தாள், என் முடிவு உறுதியானது போல இருந்தது. பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் நேரங்களைக் குறித்து வந்தேன். பன்னிரண்டு இரவுகளில் பதினொன்றில் அவள் எழுந்த நேரம் 4.05க்கும் 4.15க்கும் இடையில். நடுவில் வெளியே அழைத்துப்போகும் நேரத்தை 3.15க்கு மாற்றிப் பார்த்தேன். அப்போதும் அதே 4.10. ஒரு மணி நேரம்கூட ஆகாமல், சற்று முன்தான் வயிறு காலியான குட்டிக்கு மறுபடி என்ன அவசரம்? எழாத அந்த ஒரு இரவைத் தேடியபோதுதான், அன்று 3 மணி முதல் 5 மணி வரை மின்சாரம் இல்லை என்ற என் குறிப்பு கண்ணில் பட்டது. மின்விசிறி நின்றால் எழ வேண்டியவள், நின்ற அன்று மட்டும் தூங்கியிருக்கிறாள்!

எங்கள் படுக்கையறைச் சுவரும் அடுத்த வீட்டு மோட்டார் அறைச் சுவரும் ஒன்றே. அவர்கள் வீட்டில் மாடுகள் உண்டு. பால் கறக்கும் முன், அந்த 4.10 வாக்கில், மோட்டார் போட்டுத் தொழுவத்துக்குத் தண்ணீர் ஏற்றுவார்கள். எனக்கு அந்தச் சத்தம் பிறந்ததிலிருந்தே பழக்கம் என்பதால் காதில் விழுவதே இல்லை. ஜூலை 20 அதிகாலை, மல்லியைக் கிணற்றடியில் மனைவியிடம் விட்டுவிட்டு, வெறும் கூண்டின் தகரத் தட்டில் டபரா நிறையத் தண்ணீர் வைத்து, டார்ச்சோடு காத்திருந்தேன். மோட்டார் ஓடத் தொடங்கியதும் தண்ணீரின் மேல் வட்டம் வட்டமாகச் சிற்றலை. உள்ளங்கையைத் தட்டில் வைத்தால் எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு. சுவரோடு ஒட்டியிருந்த கம்பி நடுக்கத்தை வாங்கித் தட்டுக்குக் கொடுக்க, கம்பியில் தளர்வாக உட்கார்ந்திருந்த தட்டு கிணுகிணுவென்று அதிர்ந்திருக்கிறது. பேருந்து ஹாரனுக்கு அசையாத குட்டி வயிற்றடியில் தரை நடுங்கினால் எழாதா?

"கூண்டை வேற எடத்துல வச்சாத் தீர்ந்துச்சு" என்றார் அம்மா. கட்டிலுக்கு மறுபக்கம் பீரோ நிற்கிறது. கட்டிலை விட்டு நகர்த்தினால் என் மூச்சுச் சத்தம் கேட்காமல் மறுபடி முதல் வாரத்துக்கே திரும்பிவிடுவோம் என்று பயந்தேன். அதனால் சுவரிலிருந்து ஒரு சாண் மட்டும் விலக்கி, கூண்டுக்கு அடியில் தென்னை நார் மிதியடி இரண்டைப் போட்டேன். டபராவில் அலை குறைந்தது, ஆனால் தட்டின் கிணுகிணுப்பு நிற்கவில்லை. மறுநாள் சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டித் தேய்ந்த டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி, விரல் அகலத்தில் பட்டையாக நறுக்கி, தட்டு உட்காரும் ஒவ்வொரு கம்பியின் மீதும் வைத்து நூலால் கட்டினேன். ஓரம் வெளியே நீட்டினால் அடுத்த உணவு அதுதான் என்பதால் பிளேடால் ஒட்ட வெட்டினேன். மூன்று முறை கழற்றி மாட்டினேன். முன்பக்க இடது மூலை மட்டும் கடைசி வரை அடம்பிடித்தது, அங்கே இரட்டைப் பட்டை. ஜூலை 22 அன்று டபராத் தண்ணீர் கண்ணாடி போல் நின்றது. செலவு என்று சொல்ல எதுவுமில்லை.

ஆனாலும் அன்றும் அவள் 4.10க்கு எழுந்தாள். அது என் கைவேலை. இரண்டு வாரம் கத்தியதும் தூக்கிப்போய் அந்த நேரத்தை நானே அவளுக்குப் பாடமாக்கியிருந்தேன். நான்கு இரவுகள் தானாகச் சரியாகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்து தோற்றபின், பழைய வழிக்கே திரும்பினேன்: 3.15ஐ நீக்கி, ஜூலை 27 அன்று அவள் எழுவதற்கு முன்பாக 3.50க்கு அலாரம், அதன்பின் இரவுக்கு இருபது நிமிடம் தள்ளல். ஆகஸ்ட் 1 அன்று 5.30ஐத் தொட்டோம், மறுநாள் இரவு அவளே அதை உறுதிசெய்தாள்.

படுக்கையறை மூலையில் அவள் சிறுநீர்க் கறை ஒன்று மட்டும் மிச்சம். பினாயில் போட்டுத் துடைத்தால் நமக்குத்தான் வாடை போகிறது, அவள் மூக்குக்குப் போவதில்லை. அந்த வாடையைச் சிதைக்கும் நொதி கலந்த திரவம் உள்ளூரில் கிடைக்காமல் இணையத்தில் வாங்கினேன். மூடி உடைந்து பாதி அட்டைப்பெட்டிக்குள்ளேயே வடிந்து வந்தது, பணம் திரும்ப வரவில்லை. இதற்கிடையில், வளர்ந்தபின் இரண்டடிக்கு மேல் உயரப்போகிறவளுக்கு ரேழியில் வைக்க இரும்புக்கூண்டு அடிக்கப் பட்டறையில் அளவு கொடுத்துவிட்டேன். அடியில் தகரத் தட்டு வேண்டாம், பலகை போதும் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இன்றிரவு அலாரம் 5.40.