மூளைப் படமும் பிரஷர் மாத்திரையும்

கண்டியில் எம்.ஆர்.ஐ. எடுக்கிற வேலை எனக்கு. தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களில் ஒரு வகையினரைப் பார்த்தால் மனம் கூடுதலாக அவர்கள் பக்கம் போகும். கை கால் விழுந்திருக்காது, வாய் கோணியிருக்காது. பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள். கேட்டதற்குப் பதில் மெதுவாக வரும். வீட்டையே கட்டி ஆண்டவர் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டார் என்பார்கள் வீட்டார். "வயசாச்சுதானே" என்று லயமே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிற எல்லாருமே, சொல்லி முடித்திருக்கும். அப்படிப் பலருக்கு இருப்பது மூளையின் சிறு இரத்தக்குழாய் நோய்.

மூளையின் ஆழத்துக்குப் போகும் இந்தக் குழாய்கள் ஒரு மில்லிமீட்டரைவிட மெல்லியவை. மலை உச்சி லயத்துக்குப் போகிற ஒற்றைத் தண்ணீர்க் குழாய் மாதிரி, அடைத்துக்கொண்டால் மாற்று வழி கிடையாது. வழக்கமான ஸ்கேனில் அந்தக் குழாய் தெரிவதில்லை, அதனால் வந்த சேதம்தான் தெரியும். ஃபிளேயர் என்கிற வகை எம்.ஆர்.ஐ. படத்தில் மூளை நீரைக் கறுப்பாக்கிவிடுகிறோம். அப்போது மூளையறைகளின் ஓரத்தில் பழுதான இடங்கள் வெள்ளையாக எழும்பி நிற்கும். அதை 0 முதல் 3 வரை தரம் பிரிக்க, 1987இல் வந்த ஃபசேக்காஸ் அளவுகோலைத்தான் இன்றும் பயன்படுத்துகிறார்கள். நுண்ணிய இரத்தக் கசிவுகளைப் பார்க்க எஸ்.டபிள்யூ.ஐ. என்கிற இன்னொரு வகை எம்.ஆர்.ஐ. படம் வேண்டும். அவை சி.டி.யில் அகப்படாது. மூளையின் ஆழத்தில் அந்தக் கசிவுகள் கறுப்புப் புள்ளிகளாகத் தெரிந்தால் முதலில் பிரஷரைத்தான் சந்தேகிப்பார்கள்.

மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார், கொழுந்து எடுத்து ஓய்வு பெற்றவர். தாலிக்கொடியைக் கழற்றி மகளிடம் கொடுத்துவிட்டு, மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வந்தார். மூக்குத்தி இறுகிப்போயிருந்தது, சவர்க்காரம் போட்டு மகள் மெல்லத் திருகி எடுத்தாள்.

"அம்மா, சத்தம் பெரிசா கேட்கும். தலையை மட்டும் ஆட்டாதீங்க."

"சரி தம்பி."

சொன்னபடியே அசையாமல் கிடந்தார். படம் அவ்வளவு துல்லியம்: இரு பக்கமும் வெள்ளைத் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பரவியிருந்தன.

பிரஷர் மாத்திரை ஒழுங்காகக் குடிக்கிறாரா என்று டொக்டர் கேட்டார். "தலை சுத்துனா குடிப்பாங்க" என்றாள் மகள். படத்தைக் காட்டி டொக்டர் சிங்களத்தில் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். "சும்மா குந்திக்கிட்டு இருக்கிறாங்கன்னு ஏசிட்டேனே" என்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம், இது மறையுமா என்று கேட்டாள். பரவிய திட்டு பெரும்பாலும் மறையாது. ஆனால் பிரஷரை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் அது பெருகுவது குறைகிறது என்று 2019இல் அமெரிக்காவின் ஸ்பிரின்ட் ஆய்வு காட்டியது.

தலை சுற்றாத நாளிலும் குடிக்க வேண்டிய மாத்திரை இது. கொழுந்து எடுக்கிற மகள் தாயைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனால் அன்றைய பேர், அதாவது நாள் சம்பளம், போய்விடும். மாத்திரையும் பிரஷர் பார்க்கிற கருவியும், வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே கிடைக்க வேண்டும்.