காற்று ஓய்ந்த பிறகு ஓடத் தொடங்கிய காற்றாலைகள்

உடுமலை, பல்லடம் பக்கம் பஞ்சாலைக்காரர்கள் போட்டி போட்டுக்கொண்டு காற்றாலை நட்ட காலத்தில், அவர்களில் சிலருக்கு வரிக் கணக்குப் பார்த்தவன் நான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மே கடைசியில் பிடித்தால் செப்டம்பர் வரை அடிக்கும். நியாயமாக ஏப்ரலிலேயே இயந்திரம் தயாராகியிருக்க வேண்டும். ஆனால் முதலாளிகள் கேட்டதெல்லாம், "ஏனுங்க ஆடிட்டர், செப்டம்பருக்குள்ள கமிஷன் ஆயி மெஷின் ஓட ஆரம்பிச்சிருச்சுன்னா போதுமுங்களா?" என்பதுதான்.

போதும். காற்றாலைக்கு அப்போது ஆண்டுக்கு 80 சதவீதம் தேய்மானம் கழிக்கலாம். 12 கோடிக்கு வாங்கினால் முதல் வருடமே லாபத்தில் 9 கோடியே 60 லட்சம் கழியும். வரி 30 சதவீதம் என்று வைத்தாலும் 2 கோடியே 88 லட்சம் கையில் நிற்கும். அது முழுசாகக் கிடைக்க, நிதியாண்டில் 180 நாளாவது இயந்திரம் பயன்பாட்டில் இருந்தாக வேண்டும். அக்டோபர் மூன்று, நான்கு தேதியைத் தாண்டினால் பாதித் தேய்மானம்தான். அதனால் சீசன் முடியப்போகிற நேரத்தில் கிரேனுக்கு அடிதடி நடக்கும். அந்த இடத்தில் எவ்வளவு காற்று என்று என் கட்சிக்காரர்கள் துருவிக் கேட்டதில்லை. விற்றவர் எழுதிக் கொடுத்த யூனிட் கணக்கு அப்படியே வங்கிக்குப் போகும். வங்கியும் ஆலையின் ஆஸ்தியைப் பார்த்தே கடன் கொடுத்தது.

அந்தச் சலுகையை 2012-ல் எடுத்தார்கள், 2014-ல் திருப்பிக் கொடுத்தார்கள், 2017 ஏப்ரலிலிருந்து 40 சதவீதமாக்கினார்கள். ஆனால் பெரிய அடி வேறு. சீசனில் மிஞ்சும் யூனிட்டை மின்வாரியத்தில் போட்டுவைத்து வருடம் முழுக்க எடுத்துக்கொள்ளும் பேங்கிங் வசதி, 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்த இயந்திரங்களுக்கு இல்லாமல் போனது. ஆலை பன்னிரண்டு மாதமும் ஓடும், காற்று ஓடாதே!

இப்போது வருகிறவர்கள் குரூப் கேப்டிவ் பற்றி, அதாவது பலர் கூட்டாகப் பங்கு போட்டுத் தங்கள் உபயோகத்துக்கே மின்சாரம் எடுக்கும் முறை பற்றிக் கேட்கிறார்கள். மின்சாரம் எடுப்பவர்கள் சேர்ந்து 26 சதவீதப் பங்காவது வைத்திருக்க வேண்டும், உற்பத்தியில் 51 சதவீதமாவது அவர்களே பயன்படுத்த வேண்டும். சரி, அதெல்லாம் வக்கீல் பார்த்துக்கொள்வார். நான் முதலில் கேட்பது காற்று அறிக்கையில் உள்ள பி-90 அளவு: பத்துக்கு ஒன்பது வருடம் அதற்குக் குறையாமல் உற்பத்தி இருக்கும் என்ற கணக்கு. விற்பவர் காட்டுவது பெரும்பாலும் பி-50. இரண்டு வருடத்தில் ஒரு வருடம் அதற்குக் கீழே போகலாம். அப்புறம் கடன் தவணை. மாதா மாதம் ஒரே தொகை என்று வங்கி எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். ஜூலையிலிருந்து அக்டோபர் வரை அதிகமாகவும் ஜனவரியில் பெயருக்கும் கட்டுகிற மாதிரி மாற்றிக் கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள்.