ஒரே அடுப்பா, இரண்டு அடுப்பா?

கள ஆய்வுக்கென்று கொழும்பில் எழுதிய வினாக்கொத்து மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு வந்ததும் முதலில் தடுக்குவது ‘குடும்பம்’ என்ற சொல்லில்தான். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். ஒரே வளவுக்குள் தாய் வீடு, பக்கத்தில் மூத்தவளின் சீதன வீடு, பின்னால் தகரக் கொட்டிலில் இளையவள். கிணறு ஒன்று, வாசல் மூன்று. “இங்க எத்தனை குடும்பம்?” என்று கேட்டால், “எல்லாம் ஒண்டுதான் மகன்” என்று பதில் வரும். அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவின் பதிவுக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டால் அதே வளவு மூன்று குடும்பமாகும். அதனால் குடும்பத்தை விட்டு அடுப்பைக் கேட்க வேண்டும்: நேற்று இரவு ஒரே பானையில் சாப்பிட்டவர்கள் யார் யார்? இந்த ஒரு கேள்வி பிழைத்தால், தலைக்கு இவ்வளவு வருமானம் என்று பின்னால் வரும் அட்டவணை எல்லாம் பிழை.

அரசு ஆதரவில் இயங்கும் ஆய்வு நிறுவனங்கள் இலங்கைக்குப் புதியவை அல்ல. கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிறுவனம் 1972இன் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. இன்று அது ஹெக்டர் கொப்பேகடுவ பெயரில் இருக்கிறது. கொள்கை ஆய்வுகளுக்கான நிறுவனம் 1988இன் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்து 1990இல் வேலையைத் தொடங்கியது. இரண்டும் கொழும்பில். சட்டம், பணிப்பாளர் சபை, ஆண்டுத் திட்டம் எல்லாம் நிறுவனத்தின் எலும்புக்கூடு. ஆய்வு தேறுமா தேறாதா என்பது அதற்கு வெளியே, வாசற்படியில் கேட்கும் கேள்வியிலும் நாட்காட்டியிலும் முடிவாகிறது.

நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். வரவு செலவுத் திட்டம் பெரும்பாலும் நவம்பரில் வரும். அமைச்சுகள் மதிப்பீடு கேட்பது அதற்குச் சில மாதங்கள் முன்பே. மழைக்கால நெற்செய்கையான பெரும்போகத்தின் அறுவடை மாசி, பங்குனியில் முடிகிறது. விளைச்சலும் செலவும் ஞாபகத்தில் இருக்கும்போதே, அதாவது ஒன்றிரண்டு மாதத்துக்குள், களத்தில் இறங்கினால்தான் ஆடிக்குள் ஒரு வரைவாவது கையில் இருக்கும். கார்த்திகை, மார்கழியில் இறங்குகிறவர்களுக்கு வெள்ளமும் உண்டு, வயலில் நிற்கும் விவசாயி பேச நேரமில்லாமையும் உண்டு.

கள வேலையின் கணக்கு இப்படி: 20 கிராம சேவகர் பிரிவு, பிரிவுக்கு 20 வீடு, மொத்தம் 400. ஒரு வீட்டுக்கு முக்கால் மணித்தியாலம் என்றாலும், நடையும் காத்திருப்பும் சேர்த்து ஒருவர் நாளுக்கு 5 வீடுதான் ஒழுங்காக முடிப்பார். ஐந்து பேருக்கு 16 நாள். காகிதத்தில் 16; வெள்ளிக்கிழமை ஜும்ஆ, கண்ணகி அம்மன் சடங்கு, மாலை ஐந்துக்குப் பிறகு யானை என்று கழித்தால் 22 ஆகும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு வாவியைக் கடப்பது இலேசு, அவ்வளவுதான். மாவட்டச் செயலகத்தின் கடிதம் பிரதேச செயலகம் வழியாகக் கிராம சேவகரிடம் போய்ச் சேரும் நாட்கள் இந்தக் கணக்கில் இல்லை.

அளவைகள் இன்னொரு பொறி. இங்கே விளைச்சலைச் சொல்வது மூடையில். ஏக்கருக்கு 30 மூடை என்ற பதிலை, மூடை 65 கிலோ என்று எடுப்பதற்கும் 75 கிலோ என்று எடுப்பதற்கும் ஏக்கருக்கு 300 கிலோ வித்தியாசம். ஹெக்டேருக்கு மாற்றினால் ஏறக்குறைய 740 கிலோ. உர மானியத்தால் விளைச்சல் கூடியதா என்று தேடுகிற ஆய்வில் இந்த வித்தியாசமே ‘கண்டுபிடிப்பு’ ஆகிவிடும்! பச்சை நெல்லா, காய்ந்த நெல்லா என்பதும் அப்படித்தான். மூடைக்கு எத்தனை கிலோ, எந்த ஈரத்தில் விற்றது என்று இரண்டு கட்டம் கூடப் போட்டால் போதும். வயலுக்கு நீர் பங்கிடும் பொறுப்பிலுள்ள வட்டவிதானையிடம் ஒரு தடவை கேட்டால் அந்தக் கண்டத்தின், அதாவது அந்த வயல்வெளியின், வழக்கம் தெரிந்துவிடும்.

காணியைப் பற்றிக் கேட்பதில் இன்னும் பக்குவம் வேண்டும். “இது உங்கட காணியா, குத்தகையா?” என்று நேரே கேட்டால் எல்லாருக்கும் சொந்தக் காணிதான். 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரத்தில் கிடைத்த காணியை நினைத்தபடி கைமாற்ற முடியாது; குத்தகைக்கு விட்டவர் அதை அந்நியருக்கு ஏன் சொல்வார்? “இந்தப் போகம் இந்த வயலில வேளாண்மை செய்தது ஆரு, அறுத்த பிறகு ஆருக்கு எத்தனை மூடை குடுத்தது?” என்றால் பதில் தானாக வரும். ‘நெற்செய்கை’ என்று அச்சடித்து வைத்திருப்பதை இங்கே ‘வேளாண்மை’ என்றுதான் வாசிக்க வேண்டும். ஆங்கிலத்தில் எழுதி, சிங்களத்துக்கு மாற்றி, அதிலிருந்து தமிழாக்கிய வினாக்கொத்தில் இப்படி இருபது இடமாவது இருக்கும். 15 வீட்டில் முன்னோட்டம் பார்த்தால் முக்கால்வாசி அகப்படும். காசு குறையும்போது முதலில் வெட்டுவதும் அந்த முன்னோட்டத்தைத்தான்.

அறிக்கையின் வரைவு உள் மதிப்பீட்டாளரிடமும் பிறகு வெளி மதிப்பீட்டாளரிடமும் போகும். அரசின் காசில் இருந்துகொண்டு அரசுக்குப் பிழை சொல்லும் சங்கடம் அங்கே வசனத்தில் தெரியும்: ‘நிறுத்த வேண்டும்’ என்பது ‘மீளாய்வு செய்வது பொருத்தமானது’ ஆகும். வசனம் மெலியலாம், அதில் குற்றமில்லை. எண்ணை மட்டும் தொடவிடக் கூடாது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்த வர்த்தமானி வந்தது; நவம்பரில் அது தளர்ந்தது. ஒரு கள ஆய்வு முடிய எட்டிலிருந்து பன்னிரண்டு மாதம். வர்த்தமானி வந்த பிறகு புதிதாக ஆய்வு தொடங்கிப் பயனில்லை, பழைய தரவு ஒழுங்காகக் கையில் இருந்தால்தான் அந்த வாரமே எதையாவது சொல்ல முடியும்.

அறிக்கை 80 பக்கம் வரும். செயலாளர் வாசிப்பது இரண்டு பக்கச் சுருக்கம், அதிலும் முதற் பக்கம். ‘விவசாயிகளுக்கு ஆதரவு வழங்க வேண்டும்’ என்று அதில் எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. எந்தத் திணைக்களம், எந்தச் சுற்றறிக்கை, எந்த மாதத்துக்குள், எவ்வளவு செலவில் என்று இருக்க வேண்டும். நெல் சந்தைப்படுத்தல் சபை கொள்வனவைத் தொடங்கும் திகதி அறுவடைக்குப் பிந்தினால் நெல் ஏற்கெனவே தனியாரிடம் போயிருக்கும். ஆகவே பரிந்துரை விலையைப் பற்றி மட்டுமல்ல, திகதியைப் பற்றியும் பேச வேண்டும்.

தமிழ்ச் சுருக்கம் வழக்கமாகக் கடைசியில்தான் வரும், சிலவேளை அடுத்த போகமும் முடிந்த பிறகு. அதை ஒரு தாளில், மூடைக் கணக்கில், பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னரே அடித்துக் கமநல சேவை நிலையங்களுக்குக் கொடுக்கலாம். விதைப்புத் திகதியும் குளத்து நீர் திறப்பும் தீர்மானிக்கப்படுகிற அந்தக் கூட்டத்தில் விவசாயப் பிரதிநிதிகள் எல்லாரும் இருப்பார்கள். நிகழ்ச்சி நிரலில் ‘ஏனைய விடயங்கள்’ வரும்போது பாதிப்பேர் எழும்பிவிடுவார்கள். நீர் திறப்புக்கு முன்னால் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.