ஓட்டையாகப் போகும் கையுறை

ஐஸ்லாந்தின் சில்ஃப்ராவில் டைவ் கைடாக, அதாவது பயணிகளை நீருக்கடியில் கூட்டிப்போகும் வழிகாட்டியாக, வேலை பார்ப்பவர்களிடம் டிரைசூட் (தண்ணீர் புகாத முழு உடை) எது நல்லது என்று கேட்டால் பொறுமையாக விளக்குவார்கள். டிரை கிளவ் (அதோடு மாட்டும், தண்ணீர் புகாத கையுறை) எது நல்லது என்று கேட்டால் சண்டை மூளும். அந்தச் சண்டையில் எனக்கும் ஒரு கட்சி உண்டு.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். திங்வெட்லிர் தேசியப் பூங்காவுக்குள், வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் விலகும் இடத்தில் விழுந்த பிளவுதான் சில்ஃப்ரா. லாங்யோகுல் பனியாற்றின் உருகுநீர் எரிமலைப் பாறைக்குள் பல பத்தாண்டுகள் ஊறி, வடிகட்டி, இங்கே வந்து சேர்கிறது. அதனால்தான் 100 மீட்டர் தள்ளியும் கண் தெரிகிறது. வெப்பநிலை கோடையிலும் பனிக்காலத்திலும் 2 முதல் 4 டிகிரி. தண்ணீர் காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக உடல்சூட்டை உறிஞ்சும். டிரைசூட்டுக்குள் உடம்பு காய்ந்தபடி இருந்துவிடும், மாட்டிக்கொள்வது கைதான்.

பயணிகளுக்கு நாங்கள் கொடுப்பது தடித்த நியோப்ரீன் ரப்பர் வெட் கிளவ். உள்ளே கொஞ்சம் தண்ணீர் புகும், விரல் மரக்கும், அரை மணி நேரத்தில் கரையேறிவிடுவார்கள். கைடுக்கு அப்போதுதான் அடுத்த வேலை ஆரம்பிக்கிறது. அடுத்த குழுவுக்குச் சூட் மாட்டிவிட வேண்டும், ஜிப் இழுக்க வேண்டும், கழுத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் பட்டையை, அதாவது சீலை, சரிசெய்ய வேண்டும், எடைகளைக் கோக்க வேண்டும். எல்லாம் வெட்டவெளிக் கார் நிறுத்துமிடத்தில், காற்று அடிக்க அடிக்க. உண்மையான குளிர் தண்ணீருக்குள் இல்லை, நனைந்த கையோடு வெளியே நிற்கும் அந்த இடைவேளையில்தான். கைத்தோல் 15 டிகிரிக்குக் கீழே போனால் விரலின் நுணுக்கம் குறையத் தொடங்கும். கொக்கியைத் தொடுவது தெரியும், அது மாட்டியதா இல்லையா என்பது தெரியாது.

ஆகவே கைடுகளுக்கு டிரை கிளவ் தேவை என்பதில் தகராறு இல்லை. எதை வாங்குவது என்பதில்தான். புதிதாக வருபவர்கள் எது அதிகக் கதகதப்பு என்று பார்த்து வாங்குகிறார்கள். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு: தண்ணீருக்கடியில் இது ஓட்டையானால் என்ன நடக்கும்? தினமும் பாறை விளிம்பையும் இரும்புப் படிக்கட்டையும் பிடிக்கிற கையுறை ஒருநாள் ஓட்டையாகியே தீரும்.

இங்கேதான் மணிக்கட்டு சீல் விவகாரம் வருகிறது. சிலர் சூட்டின் மணிக்கட்டு சீலையே எடுத்துவிட்டு, சூட்டின் கை நுனியில் இருக்கும் வளையத்தில் கையுறையை நேராக மாட்டுகிறார்கள். சூட்டின் காற்று தடையில்லாமல் விரல் வரை வரும், கை கதகதப்பாக இருக்கும், மாட்டுவதும் சுலபம். ஆனால் கட்டைவிரல் இடுக்கில் ஒரு கிழிசல் விழுந்தால் கதை மாறிவிடும். கையை உயர்த்தும்போது சூட்டின் காற்று அந்த ஓட்டை வழியே வெளியேறும், தாழ்த்தும்போது தண்ணீர் உள்ளே வரும். முழங்கை வரை உள்ளாடை ஊறிவிடும். 3 டிகிரி நீரில் அது வெறும் அசௌகரியம் இல்லை. நம்மை நம்பி ஒரு குழு பின்னால் வந்துகொண்டிருக்கும்.

எனவே நான் உள்ளே சீலை வைத்துக்கொள்கிற கட்சி. கையுறை போனாலும் ஒரு கை மட்டும் நனையும். கரையில் கையுறையைக் கழற்றி வேலை பார்க்கும்போதும் சூட் அடைத்தபடியே இருக்கும்.

இதிலும் ஒரு வில்லங்கம் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரட்டிப்பாகும், கையுறைக்குள் சிக்கிய காற்று பாதியாகச் சுருங்கும். சீல் இறுக்கமாக இருந்தால் சூட்டிலிருந்து புதுக் காற்று வர வழியில்லை. ரப்பர் விரலோடு ஒட்டி, மடிப்பு மடிப்பாகத் தோலைக் கவ்வும். உள்ளே போட்ட கம்பளியும் நசுங்குவதால் சூடும் போய்விடும். இதற்காகச் சீலுக்கு அடியில் ஒரு மெல்லிய கயிறோ, சின்ன ரப்பர் குழாயோ செருகிவைக்கிறோம். அந்தச் சந்து வழியாகக் காற்று வந்து போகும். ஓட்டை விழுந்தால் தண்ணீரும் அதே வழியில் வருமே என்று கேட்டால், வரும். மெதுவாக வரும், அதற்குள் குழுவைக் கரையேற்றிவிடலாம். எனக்குக் குழாயைவிடக் கம்பளி நூல் பிடிக்கும். சிலருக்குக் குழாய்தான் உசத்தி. அது அவரவர் மணிக்கட்டு.

வளையங்களைப் பற்றி இவ்வளவு பேசத் தேவையில்லை. திருகிப் பூட்டுவது, அழுத்தி மாட்டுவது என்று ரகங்கள் உண்டு. ஸ்வீடனின் சை டெக் நிறுவனத்திலேயே பல வகை கிடைக்கும். கடையில் சூடான அறையில் நின்று மாட்டிப் பார்ப்பது சோதனையே இல்லை. ஒரு கையில் கையுறை போட்டபடி, இன்னொரு கையுறையை யார் உதவியும் இல்லாமல் மாட்டிக் கழற்ற முடிகிறதா என்று பார்க்க வேண்டும். பிராண்டைக் குறை சொல்வதற்கு முன் ஓ-ரிங்கையும் (வளையத்தின் இடுக்கை அடைக்கும் ரப்பர் வட்டம்) பாருங்கள். உள்ளாடையிலிருந்து உதிர்ந்த ஒரு ஃப்ளீஸ் இழை அதன்மேல் கிடந்தால் போதும், கை நனைந்துவிடும். விரல் நுனியால் வளையத்தைச் சுற்றித் தடவினால் இழை தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. துடைத்து, துளி சிலிக்கான் கிரீஸ் தடவினால் சரி.

கையுறை எதனால் ஆனது என்பதில் பலர் ஏமாந்து போகிறார்கள். டைவிங் பெயர் போட்டு விற்பதில் பல, மீன்பிடிப் படகிலும் தொழிற்சாலையிலும் போடுகிற அதே பி.வி.சி. கையுறைதான். ஜப்பானின் ஷோவா நிறுவனத்துக் கையுறைகளை உலகம் முழுக்க டைவர்கள் வளையத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அதில் கேவலம் ஒன்றுமில்லை. மலிவு, முரட்டுத்தனம், எளிதில் கிடைக்கும். லேடெக்ஸ் மெல்லியது, தொடுவுணர்வு அருமை, ஆனால் பாறைமேல் நிற்காது. சில பி.வி.சி. குளிரில் விறைத்துவிடும். வாங்குவதற்கு முன் ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டுவைத்து மடக்கிப் பார்ப்பது என் வழக்கம்.

அளவு விஷயத்தில் ஒரு சைஸ் பெரிதாகவே எடுக்க வேண்டும். உள்ளே கம்பளி போட்டு விரலை மடக்கும்போது ரப்பர் இழுபட்டால், எவ்வளவு தடித்த கம்பளியானாலும் வீண். அதற்காக எக்கச்சக்கமாகத் திணிக்கவும் கூடாது. குளிரில் மூச்சுக்காற்று தரும் ரெகுலேட்டர் உறைந்து காற்று கொட்டத் தொடங்கினால், பயணியின் வால்வைத் தேடிப் பிடித்து மூட வேண்டியது நம் விரல்கள். நல்ல மெரினோ கம்பளி ஒரு அடுக்கு எனக்குப் போதும். பேட்டரியில் சூடேறும் கையுறையும் விற்கிறார்கள். நீண்ட நேரம் ஒரே ஆழத்தில் அசையாமல் இருப்பவர்களுக்கு அது வரம். நாள் முழுக்க ஏறி இறங்குகிற எங்களுக்கு இன்னொரு கம்பி, இன்னொரு சார்ஜர். கதகதப்புக்குப் பழகிய கையில் நடுவழியில் பேட்டரி செத்தால் குளிர் இன்னும் மோசமாகத் தாக்கும்.

“நீங்கள் மட்டும் காய்ந்த கையோடு வருகிறீர்களே, எங்களுக்கும் அதையே தந்தால் என்ன?” என்று பயணிகள் கேட்பது உண்டு. நியாயமான கேள்வி. ஒவ்வொருவர் மணிக்கட்டுக்கும் சீல் பார்த்து, நூல் செருகி, வளையம் துடைத்துப் பூட்டிவிடப் பொறுமையாகச் செய்தால் ஒரு மணி நேரம் ஆகும். கை நசுங்கினால் அது என்னவென்று அவர்களுக்குத் தெரியாது, பயந்துவிடுவார்கள். அதனால் இறங்குவதற்கு முன் ஃபிளாஸ்கிலிருந்து வெதுவெதுப்பான தண்ணீரை அவர்களுடைய வெட் கிளவுக்குள் ஊற்றிவிடுகிறோம். முதல் பத்து நிமிடத்துக்கு அவர்கள் கை எங்கள் கையைவிடக் கதகதப்பு.