விட்டு விட்டு வரும் எஞ்சின் கோளாறு: சென்சர் வாங்குவதற்கு முன்

ரம்பொடை ஏற்றத்தில் இழுவை விட்டுப்போய் எஞ்சின் லைட் எரியும். நுவரெலியா டவுனுக்கு வருவதற்குள் எல்லாம் சரியாகிவிடும். கராஜில் நிறுத்தினால் ஒரு குறையும் தெரியாது. மலையகத்தில் தேவையில்லாமல் சென்சர் மாற்றிக் காசு வீணாவது பெரும்பாலும் இந்த மாதிரிக் கோளாறுக்குத்தான். மழை, பனிமூட்டம், குலுக்கும் தோட்டத்து ரோட்டு மூன்றும் முதலில் கெடுப்பது வயரையும், வயர்களை இணைக்கும் பிளக்கையும், கரண்ட் பற்றரிக்குத் திரும்பும் எர்த்தையும்தான். அதனால் தேடலையும் அங்கேயே தொடங்க வேண்டும்.

ஸ்கேனரைப் போட்டவுடன், வாகனத்தின் கணினி பதிந்து வைத்த கோளாறு எண்ணான கோட் எதையும் அழித்துவிடாதீர்கள். கோட் விழுந்த நேரத்து எஞ்சின் சூடு, ஆர்பிஎம், வேகம் எல்லாம் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பதிவில் இருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். சூடு 90 பாகையைத் தாண்டிய பிறகே கிராங் சென்சருக்குரிய பி0335 கோட் விழுகிறது என்றால், எஞ்சினின் சுழற்சியை உணரும், சூட்டில் விட்டுப்போகும் அந்தச் சென்சரையோ அதன் பிளக்கையோ பாருங்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நான்கு சென்சர்களின் கோட் சேர்ந்து விழுந்திருந்தால், அவை பங்குபோடும் 5 வோல்ட் லைனிலோ எர்த்திலோதான் பிழை. 5 வோல்ட் லைனில் மீற்றரை வைத்துக்கொண்டு சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்புகிறதோ, அந்தச் சென்சரோ அதற்குப் போகும் வயரோதான் லைனை இழுத்து விழுத்துகிறது.

எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சரில் மலைக்கே உரிய ஒரு குழப்பம் உண்டு. சாவி சுவிட்சைப் போட்டு, ஸ்டார்ட் பண்ணாமல் பார்த்தால் கொழும்பில் 101 கிலோபாஸ்கல் அளவில் காட்டும். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் 81ஐ ஒட்டித்தான் காட்டும். அது சரியான அளவு. அதைக் கண்டு சென்சரை மாற்ற வேண்டாம்.

எர்த்தின் மின்தடையை ஓம்ஸில் அளப்பதில் எனக்கு நம்பிக்கையே இல்லை. பல இழைகள் அறுந்து ஒரே இழை மிஞ்சிய வயரும் மீற்றரில் நல்ல வயர் போலவே காட்டும். கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும். எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஃபேனையும் போட்டு, பற்றரி நெகட்டிவுக்கும், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவின் எர்த் பின்னுக்கும் இடையில் வோல்ட் பாருங்கள். 0.1க்கு மேல் போனால் எர்த் போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, பளபளப்பான இரும்பு தெரிந்த பிறகு இறுக்குங்கள். தனி வயரைச் சோதிக்க இரண்டு முனைகளையும், ஈசியூ பக்கம் உட்பட, கழற்றிவிட்டு அதன் வழியாக 12 வோல்ட்டில் ஒரு பல்பை எரித்துப் பாருங்கள். மெல்லிய சிக்னல் வயருக்கு 5 வொட் பல்ப் போதும். மங்கலாக எரிந்தால் வயர் உள்ளுக்குள் பழுதாகிவிட்டது.

பிளக்கின் பெண் பின்னுக்குள், அதாவது மற்றப் பின் செருகும் குழிவான பின்னுக்குள், மீற்றர் ஊசியைக் குத்தவே கூடாது. பின் விரிந்து, இல்லாத கோளாறு ஒன்று புதிதாக வந்துவிடும். பின்பக்கமாக, ரப்பர் சீல் ஓரமாக மெல்லிய ஊசி விட்டு அளக்கலாம். வயரின் தோலைத் துளைப்பதும் ஆகாது. எங்கள் ஊர் ஈரத்தில் அந்த ஓட்டை வழியே தண்ணீர் ஏறி, செம்பு பச்சை பிடித்துவிடும். பின்னின் பிடி சரியா என்று பார்க்க, அதே அளவு ஆண் பின் ஒன்றைச் செருகி இழுங்கள். கவ்விப் பிடிக்காமல் வழுகி வந்தால் அந்தப் பின்னையே மாற்ற வேண்டும்.

பிறகு கோளாறை நின்ற இடத்திலேயே வரவழையுங்கள். ஸ்கேனரில் ஓடும் சென்சர் அளவுகளை (லைவ் டேட்டா) கிராஃபில் வைத்துக்கொண்டு, வாகனத்தின் பொடியிலிருந்து எஞ்சினுக்கு வயர் தாவும் இடத்தைப் பிடித்து அசைத்துப் பாருங்கள். எஞ்சின் ஆடும்போதெல்லாம் வளைந்து வளைந்து அறுவது அங்கேதான். அசைவுக்கு மசியாவிட்டால் ஹெயார் டிரையரால் சென்சரைச் சூடாக்குங்கள். மழை நாளில் மட்டும் வருவதானால் ஸ்பிரே போத்தலால் பிளக்குகளை ஒவ்வொன்றாக நனைத்துப் பாருங்கள். கிராஃப் துள்ளும் இடம்தான் பிழை.

வயரை ஒட்டி முடித்ததும், சூட்டில் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு மூடுங்கள், டேப் மட்டும் போதாது. கடைசியாகக் கோட் எல்லாவற்றையும் அழித்து, முன்பு விட்டுப்போன அதே ஏற்றத்தில், அதே கியரில், எஞ்சின் அதே சூட்டுக்கு வந்த பின் ஏற்றிப் பார்த்து, பென்டிங் கோட் (இன்னும் உறுதியாகாத கோட்) எதுவும் விழவில்லை என்று உறுதியான பிறகே வாகனத்தைக் கொடுங்கள்.