கொரோனிஸ் குடும்பம் ஏன் ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது?

ஒரே தாய்க்கோள் உடைந்து சிதறிய துண்டுகளான கொரோனிஸ் சிறுகோள் குடும்பத்தை வரைபடமாக்கும்போது கிடையச்சில் அரைப் பேரச்சையும் (சூரியனிலிருந்து சராசரித் தொலைவு) குத்தச்சில் மையப்பிறழ்ச்சியையும் (பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) வையுங்கள். 2.92 வானியல் அலகு (ஓர் அலகு பூமி–சூரியன் தொலைவு) வரை புள்ளிகள் 0.05-ஐ ஒட்டியே கிடக்கும். அதைத் தாண்டியதும் கூட்டம் மேலேறி 0.07-ஐக் கடந்துவிடும். 1918-இல் ஜப்பானிய வானியலாளர் ஹிராயாமா அடையாளம் கண்ட குடும்பம்தான்; ஆனால் இந்தக் கோணலுக்குக் காரணம் 2001-இல்தான் தெளிவானது.

தாய்க்கோள் உடைந்த வேகமே காரணம் என்று சொல்ல முடியாது. அங்கே சூரியனைச் சுற்றும் வேகம் நொடிக்கு 17.6 கி.மீ. நடுவிலிருந்து 0.05 அலகு தள்ளிப்போக, துண்டுக்கு நொடிக்கு 150 மீட்டர் கூடுதல் வேகம் வேண்டும். தாய்க்கோளின் ஈர்ப்பைவிட்டுத் தப்பத் தேவையான விடுபடு வேகமே 100 மீட்டரைத் தொடாது. பெரிய துண்டுகள் அவ்வளவு வேகமாகப் பறப்பதில்லை.

தள்ளியது வெப்பம். உச்சி வெயிலைவிடப் பிற்பகல் பக்கம்தான் அதிகம் சுடும்; அந்தப் பக்கம் கக்கும் வெப்பக்கதிர் மெல்லிய உந்துதலைத் தரும். இதுதான் யார்கோவ்ஸ்கி விளைவு. சூரியனைச் சுற்றும் திசையிலேயே தன்னைத்தானே சுழலும் கல் வெளியே நகரும், எதிர்த்திசையில் சுழல்வது உள்ளே நகரும். 1 கி.மீ. கல் பத்து லட்சம் ஆண்டில் அதிகபட்சம் சுமார் 0.0002 அலகு நகரும், 10 கி.மீ. கல் அதில் பத்தில் ஒரு பங்கு. குடும்பத்தின் வயதான சுமார் 250 கோடி ஆண்டில் பின்னதற்கே 0.05 அலகு கிடைத்துவிடுகிறது.

வெளியே போகிறவை 2.92-இல் ஒரு நெடுங்கால ஒத்ததிர்வில் (கல்லின் பாதை திரும்பும் வேகம் கோள்களின் பாதைகள் திரும்பும் வேகங்களோடு பொருந்தும் இடம்) மாட்டுகின்றன. வியாழனின் நீள்வட்டப் பாதை ஆண்டுக்கு 4.26 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை) திரும்புகிறது, சனியினுடையது 28.25. பின்னதன் மும்மடங்கில் முன்னதன் இருமடங்கைக் கழித்தால் 76 சொச்சம். சிறுகோளின் பாதையும் அதே வேகத்தில் திரும்பும் இடம் இதுதான். ஒத்ததிர்வு பலவீனமானது; ஆனால் கல் ஊர்ந்து வருவதால் மையப்பிறழ்ச்சியை ஏற்றிவிட அதற்கு நேரம் கிடைக்கிறது. உள்ளே போகிறவை இதைச் சந்திப்பதே இல்லை. 2.82-இலும் 2.96-இலும் வியாழனின் வலுவான ஒத்ததிர்வுகள் (சுற்றுக்காலம் வியாழனுடையதோடு எளிய விகிதத்தில் அமையும் இடங்கள்) காத்திருக்கின்றன. அங்கே விழுந்தவை குடும்பத்தைவிட்டே போய்விடும்.

இந்த நகர்வை வைத்துக் குடும்பத்தின் வயதைக் கணக்கிடுவோர் சறுக்குவது கற்களின் சுழலச்சுச் சாய்வில். வெப்பக்கதிர் சுழற்சியையும் முறுக்குகிறது (யார்ப் விளைவு). வானியலாளர் ஸ்லிவன் அளந்த, சுற்றும் திசையிலேயே சுழலும் உறுப்பினர்களின் அச்சுகள் 42 முதல் 50 பாகையில் சிக்கிக் கிடக்கின்றன. எதிர்த்திசையில் சுழல்பவை 154-க்கு மேலே. 50 பாகைச் சாய்வில் நகர்வு உச்சத்தில் 64 சதவீதம்தான். இரு பக்கத்துக்கும் ஒரே வேகம் போட்டால் வயது பிசகும்.

துண்டுகள் உடைந்து சிதறிய வேகம்தான் வேண்டுமென்றால் இதே குடும்பத்துக்குள் பின்னாளில் ஓர் உறுப்பினர் உடைந்து உருவான காரின் கொத்தை எடுங்கள். வயது 57.5 லட்சம் ஆண்டு. அதற்குள் 2 கி.மீ. கல் 0.0006 அலகுகூட நகர்ந்திருக்காது. வேகக் கணக்கில் நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு, அந்த நகர்வைக் கழித்துவிடலாம்.