நோயின் பெயரோடு வருகிறவர்கள்

அவசர சிகிச்சைப் பிரிவின் முன்மேசையில் பல ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். உள்ளே வருகிறவரிடம் முதல் கேள்வியைக் கேட்பது என் வேலை. "என்ன செய்கிறது?" என்று கேட்டால், பெரும்பாலானவர்கள் என்ன செய்கிறது என்பதைச் சொல்வதில்லை, என்ன நோய் என்பதைச் சொல்கிறார்கள். "வாயுத் தொல்லை, சிஸ்டர்." "தோள் பிடித்துக்கொண்டது." "அசிடிட்டிதான், ஓர் ஊசி போட்டால் சரியாகிவிடும்." வீட்டில் நெடுநேரம் யோசித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, கைபேசியில் தேடி, முடிவு கட்டிவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. வலியில் தவிக்கும் மனம், தன்னால் தாங்கக்கூடிய பெயரைத்தான் முதலில் பற்றிக்கொள்ளும். ஆனால் அந்தப் பெயர் நிலைத்துவிட்டால், அதற்கு ஒத்துவராத அறிகுறிகள் எல்லாம் பேச்சிலிருந்து நழுவிவிடுகின்றன. வந்திருப்பது மாரடைப்பாகவும் இருக்கலாம் என்பதால், எனக்கு அச்சம் தருவது அதுதான்.

ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ஓரிரவு மனைவியோடு வந்தார். தானே காரை ஓட்டி வந்திருந்தார். மேல்வயிற்றில் எரிச்சல், வாயு என்றார். இசிஜி எடுக்க வேண்டும் என்றதும், "நெஞ்சு வலி என்று நான் சொல்லவே இல்லையே" என்று தயங்கினார். சொல்லவில்லைதான். ஆனால் நெற்றியில் வியர்வை நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. இதயக் கோளாறோ என்ற ஐயம் எழுந்தால், நோயாளி வந்த 10 நிமிடங்களுக்குள் இசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும் என்பது நாங்கள் பின்பற்றும் நெறி. எடுத்தோம். மாற்றம் எதுவும் தெரியவில்லை. "பார்த்தீர்களா?" என்றபடி எழுந்து சட்டைப் பொத்தானைப் போடத் தொடங்கினார்.

அதுவரை ஓரமாக நின்றிருந்த அவருடைய மனைவி அப்போதுதான் வாய் திறந்தார். "ஒரு வாரமாகவே மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார்." கணவர் அதை மறைக்க நினைக்கவில்லை. வாயுவுக்கும் மாடிப்படிக்கும் என்ன தொடர்பு என்று விட்டுவிட்டார், அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு மருத்துவர் அவரை அனுப்ப மறுத்துவிட்டார். பேசிப் பேசிப் படுக்க வைத்தோம். இடைவெளி விட்டு இசிஜி எடுத்துக்கொண்டே இருந்தோம். மறுபடி வலி கூடிய நேரத்தில் எடுத்த பதிவில், எஸ்டி எனப்படும் பகுதியின் கோடு மேலே எழும்பியிருந்தது; மாரடைப்பின் அடையாளம் அது. இதயத்தின் கீழ்ச்சுவருக்கு ரத்தம் கொண்டுசெல்லும் குழாய் அடைபட்டுக்கொண்டிருந்தது. அங்கிருந்து நேராக, அடைபட்ட குழாயைத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துக்கொண்டார்.

வழக்கமான இசிஜி என்பது ஏறத்தாழ 10 நொடிகளின் பதிவு. அந்த 10 நொடிகளில் இதயம் எப்படி இருந்தது என்பதை மட்டுமே அது சொல்லும். ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். இதயத் தசை சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் அந்தப் புரதம், கண்டறியும் அளவுக்கு உயரச் சில மணி நேரம்கூட ஆகலாம். வலி தொடங்கியவுடன் எடுத்துப் பார்த்தால் இயல்பாகவே இருக்கக்கூடும். அதனால்தான் இடைவெளி விட்டு மீண்டும் எடுக்கிறோம். கருவிகளும் ஆய்வகமும் பக்கத்திலேயே மருத்துவரும் இருக்கும்போதே காத்திருந்து பார்த்துத்தான் சொல்ல முடிகிற ஒன்றை, நள்ளிரவில் படுக்கையில் புரண்டபடி ஒருவர் தனியாகத் தீர்மானிக்க முயல்கிறார் என்பதை நினைத்தால் மனம் பதறுகிறது.

உடலின் அமைப்பும் இதில் துணைசெய்வதில்லை. இதயத்திலிருந்து வலியைக் கொண்டுவரும் நரம்புகளும், மார்பிலிருந்தும் கையிலிருந்தும் வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே இடங்களில் சேர்கின்றன. வலி எங்கிருந்து வருகிறது என்று பிரித்தறிய மூளையால் முடிவதில்லை. அதனால் இதயத்தின் வலி தோளில், கையில், தாடையில், முதுகில், மேல்வயிற்றில் எல்லாம் தெரியும். கீழ்ச்சுவர் பாதிக்கப்பட்டால் குமட்டலும் வாந்தியும் வரலாம்; அது வயிற்றுக் கோளாறு என்றே தோன்றும். நெடுநாள் நீரிழிவு உள்ளவர்களுக்கு நரம்புகள் பழுதுபட்டு, வலியே தெரியாமல் போகலாம். பெண்களும் முதியவர்களும் மூச்சுத்திணறல், காரணம் தெரியாத களைப்பு என்று மட்டும் சொல்லி வருவது அதிகம். அமெரிக்காவில் 1948இல் தொடங்கிய ஃபிரேமிங்ஹாம் இதயநோய் ஆய்வில், மாரடைப்புகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று அந்த நேரத்தில் மாரடைப்பு என்றே உணரப்படாமல் கடந்துபோய், பிறகு வழக்கமான பரிசோதனையில் எடுத்த இசிஜியில்தான் தெரியவந்தது. மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுவதுதான் மாரடைப்பு என்று எதிர்பார்க்கிறவர்கள், தங்களுக்கு வந்திருப்பது அது இல்லை என்று எளிதாக நம்பிவிடுகிறார்கள்.

வீட்டில் செய்துபார்க்கும் சோதனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமிலம் குறைக்கும் மருந்தைக் குடித்ததும் வலி குறைந்தால் அது இதயம் இல்லை என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கு தவறு. இதய வலியே விட்டுவிட்டு வரக்கூடியது, மருந்து குடித்த நேரமும் வலி ஓய்ந்த நேரமும் தற்செயலாக ஒன்றிவிடலாம். வேறொருவருக்கு இதய வலிக்காக எழுதிக்கொடுத்த மாத்திரையை வாங்கி நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு, ரத்த அழுத்தம் சரிந்து மயங்கிய நிலையில் தூக்கி வரப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 சதவீதம் காட்டுகிறது என்று நிம்மதியடைகிறவர்கள் உண்டு. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போதும் அது 98 காட்டலாம். ஆப்பிள் நிறுவனத்தின் கைக்கடிகாரத்தில் 2018இல் இசிஜி வசதி வந்தது. ஒழுங்கற்ற துடிப்பைக் கண்டுபிடிக்க அது உதவும், ஆனால் மாரடைப்பைக் கண்டறியாது என்று அந்த நிறுவனமே சொல்கிறது. ஆஸ்பிரின் உண்மையிலேயே உயிர் காக்கும் மருந்துதான். ஆனால் வலிக்குக் காரணம், இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பெரிய குழாயான மகாதமனியின் சுவர் கிழிந்ததாக இருந்தால் அதுவே கேடாகும். அவசர உதவி எண்ணில் பேசுகிறவரிடம் நிலைமையைச் சொல்லி, அவர் சொன்ன பிறகு மென்று விழுங்குவதே நல்லது.

இத்தனையிலும் என்னை மிகவும் உறுத்துவது நேரக் கணக்கு. "எப்போது தொடங்கியது?" என்ற கேள்விக்கு வரும் பதிலில்தான் பாதி சிகிச்சை அடங்கியிருக்கிறது. ரத்தக்குழாய் முழுதாக அடைபட்டால் அரை மணி நேரத்துக்குள்ளேயே தசை இறக்கத் தொடங்கிவிடும். அடுத்த சில மணி நேரங்களில் சேதம் பரவிக்கொண்டே போகும். குழாயை அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக முதல் 12 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். அதிலும் தொடக்க மணி நேரங்களில் கிடைக்கும் பலன் பின்னால் கிடைக்காது. ஆஞ்சியோபிளாஸ்டி என்றால் நோயாளி மருத்துவமனைக்குள் வந்த 90 நிமிடங்களுக்குள் குழாயைத் திறந்துவிட வேண்டும் என்று ஓடுகிறோம். நிமிடங்களை நாங்கள் இப்படி எண்ணிக்கொண்டிருக்க, வருகிறவரோ தனக்குச் சந்தேகம் வந்த நேரத்தைச் சொல்கிறார். "விடியற்காலை நான்கு மணி" என்பார். முந்தைய நாள் மாலை எப்படி இருந்தது என்று கேட்டால், "அப்போது இருந்தது வாயு" என்பார். அந்த வாயுவையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. புதிதாக வரும் செவிலியர்களிடம் நான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: நோயின் பெயரைச் சொன்னால் அதோடு நின்றுவிடாதீர்கள். கடைசியாக முழு நலத்தோடு இருந்தது எப்போது என்று கேளுங்கள். கூட வந்தவரிடமும் கேளுங்கள்.

தானே வண்டி ஓட்டி வருவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாரடைப்பின் முதல் மணி நேரத்தில்தான் இதயம் தாளம் தவறி நின்றுபோகும் ஆபத்து மிக அதிகம். ஆம்புலன்ஸில் மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் டிஃபிப்ரிலேட்டர் இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் மனிதருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சாலையில் எதிரே வருகிறவருக்கும் ஆபத்து.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. படபடப்போடும் மார்பு இறுக்கத்தோடும், மாரடைப்பேதான் என்ற உறுதியோடும் வரும் இளைஞர்கள். இரவெல்லாம் கைபேசியில் தேடித் தேடி, படித்த ஒவ்வோர் அறிகுறியும் தன் உடம்பில் இருப்பதாக உணர்ந்து நடுங்கிப்போய் வருவார்கள். சோதனைகள் இயல்பாக இருக்கும். கடும் பதற்றத்தின் வெளிப்பாடு என்று தெரியவரும். அவர்கள் படும் வேதனை பொய்யில்லை. அப்படி வந்த ஒருவரிடம், "இதற்கெல்லாமா நள்ளிரவில் ஓடிவருவது?" என்று ஒரு சக ஊழியர் கேட்டுவிட்டார். அந்த இளைஞர் தலைகுனிந்து நின்றதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. சக ஊழியரைத் தனியே அழைத்துச் சொன்னேன்: இன்று இப்படிக் கேட்டால், என்றைக்காவது உண்மையாகவே வலி வரும்போது, இந்தக் கேள்வி நினைவுக்கு வந்து அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். வாயு என்று சொல்லிக்கொண்டு தாமதமாக வருகிறவர்களில் எத்தனை பேரை இப்படி யாரோ ஒரு நாள் கடிந்துகொண்டார்களோ, தெரியாது.

அதனால் இதயம் நலமாக இருக்கிறது என்று அனுப்பும் ஒவ்வொருவரிடமும், எந்தெந்த அறிகுறி வந்தால் தயங்காமல் திரும்பி வர வேண்டும் என்பதை எழுதிக் கொடுக்கிறேன். பதற்றத்துக்குச் சிகிச்சை பெற எங்கே போக வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதுகிறேன். அந்தச் சக ஊழியரும் இப்போது எழுதிக் கொடுக்கிறார்.